துடைத்து வைத்த நிலம்

நாலாவது படத்தின் உறையைப் பிரிக்கும்வரை முக்காலிக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. முதல் மூன்றும் வெறும் மணலும் வானமும். நாலாவது, புல்மேட்டின் படம். நாலடி அகலத்துக்கு அச்சிட்டு, சுற்றிலும் வெள்ளை அட்டை விட்டு, கறுப்புச் சட்டத்துக்குள் அடக்கியிருந்தார்கள். அச்சைக் குறை சொல்ல முடியாது. புல் இழை இழையாகத் தெரிந்தது. அவள் பருத்திக் கையுறையைக் கழற்றாமலே படத்தைச் சுவரில் சாய்த்துவைத்து, பின்னால் நகர்ந்து பார்த்தாள். எங்கேயோ பிசகியிருந்தது. எங்கே என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

மின்கம்பங்கள் இல்லை.

அந்த மேட்டின் முதுகில் ஒன்பது கம்பங்கள் வரிசையாக ஏறிப்போகும். ஏழாவது மட்டும் குடித்தவன் மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் நிழல் புல்லில் சரியாக விழும் நேரத்துக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்து அவள் எடுத்த படம் அது. இப்போது அங்கே புல் இருந்தது. கம்பம் நின்ற இடங்களிலெல்லாம் பக்கத்துப் புல்லை எடுத்து ஒட்டி, ஒட்டுத் தெரியாமல் மூடியிருந்தார்கள். நிழலைக்கூட விட்டுவைக்கவில்லை.

அவள் நில அளவையாளர். மின்தடமோ குழாயோ சாலையோ, எது போவதானாலும் அது போகப்போகும் வழியை முதலில் நடந்து அளக்கும் வேலை. இருபத்திரண்டு வருடங்களாக அதைத்தான் செய்கிறாள். அளவுக் கருவியை நிறுத்தும் முக்காலியைத் தோளிலிருந்து இறக்கவே மாட்டாள் என்பதால் அலுவலகத்தில் யாரோ கேலியாக வைத்த பெயர் முக்காலி. நாளடைவில் அதுவே நிலைத்துவிட்டது. கோப்புகளில் மட்டும்தான் சொந்தப் பெயர். அன்றன்றைய அளவு முடிந்ததும் கருவியைக் கழற்றிவிட்டு, அதே முக்காலியின்மேல் தன் கேமராவைப் பொருத்தி ஒரே ஒரு படம் எடுப்பாள். இரண்டுக்கும் திருகு அளவு வேறு என்பதால் பட்டறையில் சொல்லிச் சின்னதாக ஒரு பித்தளைத் துண்டு கடைந்து வைத்திருந்தாள். ஒரு இடத்துக்கு ஒரு படம். அழகாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அங்கே இருந்தது எல்லாம் அதில் இருக்கும்.

அந்தப் படங்களைக் கண்காட்சியாக வைக்க வேண்டும் என்று நச்சரித்தவர் அவளுடைய நாத்தனார். பழைய டயர் கிடங்கு ஒன்றை எடுத்து, சுவருக்குச் சாம்பல் கலந்த வெள்ளை அடித்து, எட்டு வருடமாகக் கேலரி நடத்துகிறவர். கணவனுக்கு இவர் அக்கா மட்டுமில்லை. சின்ன வயதில் தாயில்லாமல் போனவனைத் தூக்கி வளர்த்தவர். போன வருடம் வீட்டுக்கு வந்தவர் கம்ப்யூட்டரில் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, இதையெல்லாம் பூட்டிவைத்துப் பூதம் காக்கிறாயா என்று முக்காலியைத் திட்டினார். அந்தத் திட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. முதல் தடவையாக ஒருவர் அவள் படங்களுக்காகச் சண்டை போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து பதினேழு படங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சிடுவதையும் சட்டம் போடுவதையும் நாத்தனார் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பிறகு முக்காலி ஒரு குழாய்த்தட வேலைக்காக ஐந்து வாரம் வெளியே போய்விட்டாள். திரும்பி வந்த மறுநாள், புதன்கிழமை காலை, படம் மாட்டக் கேலரிக்கு வந்திருந்தாள். சனிக்கிழமை மாலை திறப்பு.

மீதிப் படங்களின் உறைகளை அவள் பிரித்த வேகத்தைப் பார்த்து, சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்த ஃபிரேம்காரர் ஏணியிலிருந்து இறங்கிவிட்டார். ஐந்தாவது படத்தில் ஆற்றின் குறுக்கே போகும் இரும்புக் குழாய் இல்லை. ஆறாவதில் மஞ்சள் பூசிய எல்லைக்கல் இல்லை. எட்டாவதில் குப்பைமேட்டின் புகை இல்லை. குப்பைமேடே இல்லை, அங்கே ஒரு புதர் இருந்தது. பாதி கட்டி நின்றுபோன பாலத்தின் தூண்கள், லாரிச் சக்கரத்தின் தடம், வேலி, அறுந்து தொங்கிய கம்பி, ஒன்றும் இல்லை. பதினொன்றாவது படத்தைப் பிரித்ததும் அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சரிவில் ஒரு நீலத் தார்ப்பாய்க் கூரை இருந்திருக்க வேண்டும். அதன் முன்னால் கொடியில் காயும் நாலு துணிகளும். அந்த இடத்தில் மண் இருந்தது. சுத்தமான, செம்மையான, யாரும் கால் வைக்காத மண்.

“எனக்குப் பிரிண்ட் இப்படித்தான் மேடம் வந்துச்சு. நீங்கதான் மாத்தச் சொன்னீங்கன்னு நெனச்சேன்,” என்றார் ஃபிரேம்காரர்.

அவள் கையுறைகளைக் கழற்றி மடித்து வைத்தாள்.

நாத்தனார் பதினொரு மணிக்கு வந்தார். சுவரோரம் சாய்ந்திருந்த படங்களைப் பார்த்து முகம் மலர்ந்து, எப்படி வந்திருக்கிறது பார்த்தாயா என்று கேட்டார். கம்பங்கள் எங்கே என்று முக்காலி கேட்டாள். நாத்தனாருக்கு அந்தக் கேள்வி உண்மையிலேயே புரியவில்லை. அதைத்தான் அப்போதே பேசி முடித்தோமே என்றார். பார்க்க வருகிறவர்கள் வீட்டுச் சுவரில் மாட்ட நினைக்கிறார்கள், சுவரில் குப்பையையும் கம்பியையும் யார் மாட்டுவார்கள், நிலம் அப்படியேதான் இருக்கிறது, மேலே ஒட்டியிருந்த தூசியைத் துடைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று விளக்கினார். ஒரு புது மருத்துவமனைக்காரர்கள் வரவேற்பறைக்கு எட்டுப் படம் கேட்டிருக்கிறார்கள், நோயாளிகள் பார்க்கும்போது மனது லேசாக வேண்டாமா என்றார்.

“யார்கிட்ட பேசி முடிச்சீங்க அண்ணி?”

“உன்கிட்டதான். மெயில் இருக்கு.”

ஃபோனைத் திறந்து நீட்டினார். முக்காலியின் முகவரியிலிருந்து வந்த மெயில். ‘சரி அண்ணி, உங்களுக்கு எது நல்லதுன்னு படுதோ அப்படியே செய்ங்க.’ கீழே அவள் பெயர்.

இரண்டு தடவை படித்தாள். வெளியே இருந்தபோது, அலுவலகத்திலிருந்து ஏதாவது அவசரமாக வந்தால் பார்த்துச் சொல்லச் சொல்லிக் கணவனிடம் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டுப் போனது அவள்தான். அவனே எழுதியிருக்கிறான். அக்கா என்று வந்த கையைத் திருத்தி, ஞாபகமாக அண்ணி என்று போட்டிருக்கிறான். அந்த ஒரு சொல்தான் அவளைக் கோபப்படுத்தியது.

இதை எழுதியது நான் இல்லை என்றாள். நாத்தனார் ஃபோனை வாங்கித் திரும்பப் பார்த்தார். தம்பியிடம் கேட்டதாகவும், உன்னிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று அவன் சொன்னதாகவும், மறுநாள் மெயில் வந்ததாகவும் சொன்னார். “நான் எத நம்பறது? சொல்லு,” என்றார். அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயமே முக்காலியின் கோபத்தை இன்னும் கிளறியது. மாற்றி அச்சிட எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். நாத்தனார் தலையை ஆட்டினார். அழைப்பிதழ் போய்விட்டது, செய்தித்தாளில் வந்துவிட்டது, இருக்கிற தாளெல்லாம் இதிலேயே தீர்ந்துவிட்டது. தள்ளிப்போடச் சொன்னதற்கும் முடியாது. குறைந்தபட்சம் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றதற்கு, பெயர் வாசலில் ஆளுயரத்துக்கு எழுதியாகிவிட்டது என்றார்.

“சனிக்கிழம அஞ்சு மணிக்குக் கதவு திறக்கும். நீ வந்தாலும் திறக்கும், வராட்டாலும் திறக்கும்,” என்று சொல்லிவிட்டு, விளக்குக்காரருக்கு ஃபோன் பண்ண வெளியே போனார்.

முக்காலியின் கணவன் வேறொரு மருத்துவமனையில் மருந்தாளுநர். அவன் வாழ்க்கையில் யாரோடும் நேருக்கு நேர் சண்டை போட்டதில்லை. அன்று சாயங்காலம் அவன் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக உள்ளே போய் மெயிலைப் பற்றிக் கேட்டாள். அவன் கத்தியைக் கீழே வைத்தான். இது வரும் என்று வாரக்கணக்காகத் தெரிந்திருந்த முகம்.

அவன் சொன்னதன் சாரம் இதுதான். அக்கா மாற்றிய படங்களை அனுப்பிவைத்து, நாளைக்குள் பதில் வேண்டும் என்றாள். நீ சிக்னல் இல்லாத இடத்தில் இருந்தாய். கிடைத்திருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாய். நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் அக்கா கண்காட்சியையே நிறுத்திவிடுவாள். உன் படங்களை நாலு பேர் பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை. வந்து நேரில் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நேற்றே சொல்லியிருப்பேன், நீ களைத்து வந்திருந்தாய்.

“டாக்டர் எழுதின சீட்டுல ஒரு மருந்து உங்களுக்குப் பிடிக்கலன்னா அத அடிச்சிட்டுக் குடுப்பீங்களா?”

“அது வேற.”

“எது வேற? அங்க ஆள் செத்துடுவான், அதனால தொட மாட்டீங்க. இங்க என்ன, பொண்டாட்டி கத்துவா, அவ்வளவுதானே?”

அவன் வாயைத் திறந்தான். உனக்காகத்தான் செய்தேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அதைக் கேட்கிற திராணி இன்றைக்கு எனக்கு இல்லை என்றாள். அதைத்தான் சொல்ல வந்திருந்தான் போல. வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் அவன் எதிரிலேயே உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினாள்.

வியாழக்கிழமை அவள் அலுவலகத்துக்குப் போய் எட்டு நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாள். மேலதிகாரி உடம்புக்கு என்ன என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள். வெள்ளிக்கிழமை, தன்னிடமிருந்த மூலப் படங்களைத் திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து, பக்கத்தில் பழைய அளவுக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, பதினான்கு அட்டைகள் அடித்தாள். அவளுக்கு வேறு நடையில் எழுதத் தெரியாது. அலுவலக அறிக்கை மாதிரியே எழுதினாள். ‘படம் 4. வலது ஓரத்திலிருந்து மேடேறிச் செல்லும் ஒன்பது மின்கம்பங்கள் நீக்கப்பட்டுள்ளன. ஏழாவது கம்பம் தெற்காகச் சாய்ந்திருந்தது.’ ‘படம் 8. நடுவில் காணப்படும் புதர் அந்த இடத்தில் இல்லை.’

சனிக்கிழமை காலை ஃபிரேம்காரரோடு சேர்ந்து அவளே படங்களை மாட்டினாள். எல்லாப் படங்களின் நடுமையமும் தரையிலிருந்து ஐம்பத்தெட்டு அங்குலத்தில். இவ்வளவு கோபத்திலும் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. நீங்க வேண்டாம்னு சொல்ற படத்துக்கு எதுக்கு மேடம் இவ்வளவு பாடு என்று ஃபிரேம்காரர் கேட்டார். கோணல் கோணல்தான் என்றாள். பிறகு தன் அட்டைகளை எடுத்து ஒவ்வொரு படத்தின் வலப்பக்கமும் ஒட்டினாள். ஃபிரேம்காரர் பசைநாடாவை வெட்டி வெட்டிக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்தார்.

இரண்டு மணிக்கு நாத்தனார் வந்து பதினான்கு அட்டைகளையும் நிதானமாக நின்று வாசித்தார். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாக நகத்தால் நெம்பி எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். சுவரில் பெயிண்ட் உரிந்த ஒரு இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கே கொஞ்சம் பூசுங்கள் என்று ஃபிரேம்காரரிடம் சொன்னார். முக்காலி எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அதற்குள் அவள் வேறொன்றை முடிவு செய்திருந்தாள்.

ஐந்து மணிக்கு அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். நாத்தனார் நன்றாகப் பேசுவார். ஒரு பெண் தனியாகக் காடுமேடெல்லாம் நடந்து எடுத்த படங்கள் என்று உருக்கமாகச் சொல்லிவிட்டு, முக்காலியை இரண்டு வார்த்தை பேச அழைத்தார். குரலில் ஒரு எச்சரிக்கை இருந்தது. அது முக்காலிக்கும் அவள் கணவனுக்கும் மட்டுமே கேட்டது.

“இதுல பதினேழு படம் இருக்கு. நான் எடுத்தபடி இருக்கறது முதல் மூணு மட்டும்தான். மத்த பதினாலுலயும் அங்க இருந்தத அழிச்சிருக்காங்க. எது எதுன்னு தெரியணும்னா என்கிட்ட கேளுங்க. நான் தினமும் இங்கதான் இருப்பேன்.”

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பின்வரிசையில் ஒருவர் இதை அவளுடைய தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டு கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். முக்காலிக்கு அந்தக் கைதட்டல் முகத்தில் அடித்த மாதிரி இருந்தது.

ஆனால் சொன்னபடி நின்றாள். யார் எந்தப் படத்தின் முன் நின்றாலும் பக்கத்தில் போய், இங்கே இது இருந்தது, இங்கே அது இருந்தது என்று கையால் காட்டினாள். சிலர் சங்கடப்பட்டு நகர்ந்தார்கள். சிலர் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் புது மருத்துவமனையிலிருந்து வந்தவர் நாலு படங்களில் எது எது இருந்தது என்று கேட்டுவிட்டு, என்ன நினைத்தாரோ, எங்கள் ஆட்களோடு பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று போனார். அப்புறம் வரவே இல்லை. எல்லோரும் அவள் பக்கம் என்றும் சொல்ல முடியாது. வயதான ஒரு அம்மாள் புல்மேட்டுப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். முக்காலி கம்பங்களைப் பற்றிச் சொன்னதும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எங்க வீட்டு ஜன்னலுக்கு நேரா ஒரு கம்பம் இருக்கும்மா. முப்பது வருஷமா அதத்தான் பார்த்துட்டிருக்கேன். இது இல்லாமயே நல்லா இருக்கு,” என்றார்.

அவர் போனபிறகும் நெடுநேரம் முக்காலி அதையே மென்றுகொண்டிருந்தாள். கம்பம் பிடிக்காதவர் பிடிக்காமலே போகட்டும். ஆனால் அதை முதலில் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் போகட்டும்.

அடுத்த நாலு நாளும் இப்படியே போயின. கேலரி பதினொரு மணிக்குத் திறக்கும், ஏழு மணிக்கு மூடும். வாசலை ஒட்டிய மேசையில் நாத்தனார், உள்ளே நாற்காலியில் முக்காலி. இருவருக்கும் நடுவே இருபதடி. ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. மதியம் கணவன் மருத்துவமனையிலிருந்து இடைவேளையில் இரண்டு டப்பாக்களோடு வருவான். ஒன்றை அக்காவின் மேசையில் வைப்பான், மற்றதை மனைவியிடம் கொடுப்பான். இரண்டிலும் ஒரே சாப்பாடுதான். யாருக்கு முதலில் கொடுத்தான் என்று இருவரும் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். நாலாம் நாள் அவன் இரண்டு டப்பாக்களையும் நடுவிலிருந்த பெஞ்சில் வைத்துவிட்டு நின்றான்.

அன்று அவன் கிளம்பும்போது முக்காலி, நாளைக்கு விடுப்புப் போடுங்கள் என்றாள். எதற்கு என்றான்.

“நான் தொண்ட வறளச் சொல்லிட்டிருக்கேன், யாரோ செஞ்ச மாதிரி. சரின்னு எழுதினது நீங்க. நீங்களே வந்து சொல்லுங்க.”

அவன் மறுக்கவில்லை. மறுநாள் வியாழக்கிழமை, இஸ்திரி போட்ட சட்டையோடு பதினொரு மணிக்கு வந்து பதினொன்றாவது படத்தின் பக்கத்தில் நின்றான். முதலில் வந்தது ஒரு கல்லூரி ஆசிரியையும் அவருடைய தோழியும். அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த இடத்தில் ஒரு வீடு இருந்தது, நீலத் தார்ப்பாய் போட்ட வீடு, படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றான். யார் என்று கேட்டார் ஆசிரியை. அவன் காதுமடல்கள் சிவந்தன.

“நான்தான் சரின்னேன். இவங்க எடுத்த படம். இவங்களக் கேக்காம, இவங்க பேர்ல நான் எழுதிட்டேன்.”

ஆசிரியை அவனையும் முக்காலியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். அவன் நகரவில்லை. அடுத்து வந்தவர்களிடமும் அதையே சொன்னான். பதினைந்து பேரிடம் சொல்லியிருப்பான். ஒருவர் சிரித்தார். இன்னொருவர், நல்ல ஆம்பளை சார் நீங்க என்று முதுகைத் தட்டிவிட்டுப் போனார். அது பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. முக்காலிக்கு அதைப் பார்க்கத் திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தி அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் போதும் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்று மணிக்கு நாத்தனார் மேசையை விட்டு எழுந்து வந்தார். அப்போது கேலரியில் வேறு யாரும் இல்லை. ஐந்து நாளாகப் பேசாத வாய் திறந்தது.

“அவன எதுக்கு இப்படி நிக்க வெச்சு அவமானப்படுத்தற? திட்டணும்னா என்னத் திட்டு. செஞ்சது நான்.”

“நீங்க செஞ்சீங்க. அவர் விட்டார். ரெண்டு பேரையும்தான் திட்டறேன்.”

அக்கா விடு என்றான் கணவன். நாத்தனார் அவனைக் கையால் அமர்த்தினார். இந்தக் கிடங்கை எப்படி நடத்திக்கொண்டிருக்கிறேன் என்று உனக்குத் தெரியுமா என்று ஆரம்பித்தார். போன வருடம் வைத்த மூன்று கண்காட்சிகளுக்கும் ஆள் வரவில்லை. இதற்காவது வரட்டும், உனக்கும் ஒரு பெயர் கிடைக்கட்டும் என்று ஓடி ஓடிச் செய்தேன், நீ என் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டு என்னைத் திருடி மாதிரி ஆக்கிவிட்டாய் என்றார். சொல்லும்போது கண் கலங்கியது. முக்காலி அசையவில்லை. உங்கள் சுவரை நான் குறை சொல்லவில்லை, உங்கள் விளக்கைக் குறை சொல்லவில்லை என்றாள். பிறகு நாத்தனாரைப் பதினொன்றாவது படத்தின் முன் நிறுத்தினாள்.

அந்தச் சரிவில் மின்தடம் போக நாற்பது மீட்டர் அகலத்துக்கு இடம் வேண்டியிருந்தது. அளந்து கல் நட்டவள் அவள்தான். தார்ப்பாய் வீடு கல்லுக்கு உள்ளே ஆறு மீட்டரில் இருந்தது. அங்கே ஒரு பெண்ணும் அவள் மாமியாரும் மூன்று பிள்ளைகளும். அளவு நாடாவின் ஒரு முனையை அந்தப் பெண்தான் பிடித்துக்கொண்டாள், என்ன அளக்கிறார்கள் என்று தெரியாமல். முடிந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். முக்காலி படம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். பத்து நாள் கழித்துப் போனபோது அங்கே வீடு இல்லை.

“அவங்கள முதல் தடவ அங்கேருந்து நான் எழுப்பிவிட்டேன், நாடா புடிச்சு. அது என் வேல, செஞ்சேன். அவங்க அங்க இருந்தாங்கன்னு சொல்றதுக்கு இந்த ஒரு படம்தான் அண்ணி இருக்கு. இதுலருந்தும் நீங்க எழுப்பிவிட்டுட்டீங்க.”

நாத்தனார் படத்தைப் பார்த்தார். அந்த வெறும் மண்ணை இப்போதுதான் பார்ப்பதுபோல் கிட்டப்போய்ப் பார்த்தார்.

“இத ஏன் நீ முதல்லயே என்கிட்ட சொல்லல?”

“கதை சொல்லிட்டுத்தான் படத்த மாட்டணுமா? சொல்லலன்னா அழிச்சிடுவீங்களா?”

நாத்தனார் மேசைக்குத் திரும்பிப்போய் யாருக்கோ ஃபோன் செய்தார். பிறகு அங்கிருந்தபடியே, பதினான்கையும் திரும்ப அச்சிட என்னால் முடியாது, ஒன்றுக்குத் தாள் இருக்கிறதாம், எது வேண்டும் சொல் என்றார். பதினான்கும் வேண்டும் என்றாள் முக்காலி. ஒன்று என்றார் நாத்தனார். இரண்டு பேரும் அரை மணி நேரம் விட்டுக்கொடுக்காமல் நின்றார்கள். கடைசியில் முக்காலி பதினொன்று என்றாள். கூடவே, மற்றப் பதின்மூன்றுக்கும் அட்டைகள் சுவரில் ஏற வேண்டும் என்றாள். நாத்தனார் கைப்பையைத் திறந்து, அடியில் மடங்கிக் கிடந்த அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தார்.

சனிக்கிழமை காலை புது அச்சு வந்தது. புதுச் சட்டம் செய்ய நேரமில்லாததால் ஃபிரேம்காரர் பழைய சட்டத்தையே கழற்றினார். துடைத்த படத்தை உருவி எடுத்து, இதைப் பின்னட்டையாக வைத்துக்கொள்ளலாமா, நல்ல கெட்டித் தாள் என்று கேட்டார். முக்காலி அதை அவர் கையிலிருந்து வாங்கினாள். இரண்டாகக் கிழித்தாள், பிறகு நாலாக. தாள் தடிமனாக இருந்ததால் ஒவ்வொரு கிழிப்புக்கும் பலம் வேண்டியிருந்தது. நாத்தனாரின் பொருள் அது, நாத்தனாரின் கண்ணெதிரே. கணவன் அக்காவைப் பார்த்தான்.

“குப்பக்கூட மேசைக்கு அடியில இருக்கு,” என்றார் நாத்தனார்.

புது அச்சைச் சட்டத்துக்குள் வைத்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்கள். நீலம் தூரத்திலிருந்தே கண்ணில் குத்தியது. மற்றப் படங்களோடு ஒட்டவில்லை. அமைதியான பதினாறு நிலங்களுக்கு நடுவே ஒரு தார்ப்பாயும் நாலு துணிகளும். நாத்தனார் விளக்கின் தலையைத் திருப்பி அதன்மேல் சரியாக விழவைத்தார். அந்த வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. அதை முக்காலி மனதுக்குள் ஒத்துக்கொண்டாள், வெளியே சொல்லவில்லை.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. கடைசி இரண்டு நாளில் வந்தவர்கள் அட்டைகளைப் படித்தார்கள், சிலர் திரும்பப் போய் முதலிலிருந்து பார்த்தார்கள். பலர் இரண்டு நிமிடத்தில் சுற்றிவிட்டுக் கிளம்பினார்கள். நீலத் தார்ப்பாயை யாரும் கேட்கவில்லை. துடைத்தவற்றில் மூன்று போயின. வாங்கியவர்கள் கையெழுத்து வேண்டும் என்றார்கள். முக்காலி போட மாட்டேன் என்றாள். கையெழுத்தில்லாமலே எடுத்துப் போனார்கள். அதில் நாத்தனாருக்கு வருத்தம். வருத்தத்தை அவர் மறைக்கவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. படங்களை இறக்கி உறை சுற்றும்போது, அடுத்த தடவை என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அடுத்த தடவை அச்சிடும்போது நான் கூடவே இருப்பேன் என்றாள் முக்காலி. நாத்தனார் பேச்சை அத்தோடு நிறுத்திவிட்டு, கயிற்றை இறுக்கி முடிச்சுப் போட்டார்.

திங்கட்கிழமை காலை அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாளாக வீட்டில் அவன் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லி வந்தாள். அவளாக ஒன்றும் கேட்டதில்லை. கணவன் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றான்.

“இன்னும் கோபமா?”

அவள் ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே யோசித்தாள். அவனை ஏமாற்ற அவளுக்கு மனமில்லை.

“ஆமா.”

“எவ்வளவு நாளைக்கு?”

“தெரியல. தீந்தா நானே சொல்றேன். நீங்களா தீந்துடுச்சுன்னு முடிவு பண்ணிக்காதீங்க.”

அவன் சரி என்றான். அவள் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கிப் போனாள்.